பால் ஊத்தி அடைச்ச ஓட்டை

போன மாசம் செரண்டா பக்கம் பஸ்ஸுல போய்க்கிட்டிருந்தேன். ரோட்டோரத்துல ஒரு காடி, காருதான், நிக்குது. முன் மூடியத் தொறந்து வச்சிருக்கு, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி போகுது. ஓட்டி வந்த ஆளு ஒரு போத்தல் தண்ணிய வச்சுக்கிட்டு எங்க ஊத்தறதுன்னு முழிக்கிறாரு. எறங்கிப் போயி, "அய்யா, தண்ணி ஊத்தாதீங்க. மொதல்ல மேல தொட்டுப் பாருங்க, பொறவு கீழ தொட்டுப் பாருங்க"ன்னு சொல்லணும்போல இருந்துச்சு. நான் காலத் தூக்கி எந்திரிக்கறதுக்குள்ள பஸ்ஸு தாண்டிப் போயிருச்சு. வீட்டுக்கு வந்தும் மனசு அங்கயே நிக்குது. மருமக சோறு போட்டுச்சு, வேணாம்னுட்டேன்.

அந்த ஆளுக்காக இல்ல. எங்க அக்காவுக்காக. அது செத்தே பல வருசமாச்சு.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவுல ஒரு ரப்பர் தோட்டம். அப்பனும் ஆத்தாளும் அங்கயேதான் காய்ச்சல்ல போனாங்க. பொறவு அக்காதான் என்ன வளத்துச்சு. அதுக்கும் எனக்கும் நாலஞ்சு வயசுதான் வித்தியாசம் இருக்கும், ஆனா அதட்டறதெல்லாம் ஆத்தா மாதிரிதான் அதட்டும். நான் மொதல்ல பால்மரம் வெட்டினேன், ரப்பர் மரத்தச் சீவிப் பால் எடுக்கற வேலை. சாயங்காலத்துல தோட்டத்து லோரியக் கழுவுவேன். கழுவிக் கழுவி, சாவி எங்க, பிரேக்கு எங்கன்னு பாத்து வச்சுக்கிட்டேன். ஓட்டிக்கிட்டிருந்த ஆளு ஊருக்குப் போனப்ப தொரை என்னக் கூப்பிட்டு, ஓட்டிக் காட்டுன்னாரு. ஓட்டிக் காட்டினேன். அன்னையிலருந்து அரைக்கால் சட்டை, தலையில தொப்பி. தோட்டத்துல என்ன மாதிரி எவன் இருந்தான்? அப்படி ஒரு திமிரு.

லோரி புதுசு ஒண்ணுமில்ல. ஈயம் தோண்டற எடத்துல மண்ணு சொமந்து தேஞ்சு போனது, அத வாங்கிட்டு வந்து தோட்டத்துல போட்டாங்க. முன்னால நின்னு கம்பியப் போட்டுச் சுத்தினாத்தான் கெளம்பும். ஒரு தடவ திருப்பி ஒதச்சு ஒரு ஆளுக்கு மணிக்கட்டே போச்சு. அது வேற கதை.

அந்தக் காலத்து இஞ்சினுக்குத் தண்ணிய ஓட்டற பம்பு கெடையாது. முன்னால பித்தளையில ஒரு தண்ணிக்கூடு இருக்கும், ரேடியேட்டர்னு சொல்லுவாங்க. இஞ்சின்ல சூடான தண்ணி தானா மேல ஏறி அந்தக் கூட்டுக்குள்ள வரும். உள்ள பென்சில் தடிமன்ல கொழா கொழாவா இருக்கும். அதுவழியா எறங்கி, காத்துபட்டு ஆறி, கீழ்க் கொழாய் வழியா மறுபடி இஞ்சினுக்குப் போகும். மனுசன் தொட வேணாம், அது பாட்டுக்குச் சுத்தும். ஆனா தண்ணி கொஞ்சம் கொறஞ்சாலும் சுத்தறது நின்னு போகும். நின்னா இஞ்சினு கொதிக்கும். அவ்வளவுதான் அந்த வித்தை.

எங்க லோரிக்கு அந்தக் கூட்டோட கீழ் மூலையில ஒரு கசிவு. மொதல்ல சொட்டு. பொறவு ஒழுக்கு. நான் சவுக்காரத்தப் பெசஞ்சு அப்பினேன், ரெண்டு நாள் நின்னுச்சு. பொறவு எவனோ சொன்னான்னு தவிட்டக் கரைச்சு உள்ள ஊத்தினேன். அதுவும் நின்னுச்சு, ஆனா லோரி போற வழியெல்லாம் மாட்டுக்குக் கஞ்சி காச்சற வாசம். நாலாம் நாள் மறுபடி ஒழுக்கு.

பத்தாங் பெர்ஜுந்தாயில ஒரு சீன பிட்டர், வண்டி ரிப்பேர் பாக்கறவரு, இருந்தாரு. குனிஞ்சு பாத்துட்டுச் சிரிச்சாரு. "சோப்பு, தவிடு, தா போலே லா, ஆகாது லா! லோரி என்னா, பன்னியா? கூடு கழட்டு. ஈயம் காச்சி ஒட்டணும். மூணு நாளு."

மூணு நாள் லோரி நின்னா தொரைக்குப் பதில் சொல்லணும். ஏண்டா இத்தன நாளாச் சொல்லலன்னு கேப்பாரு. ஓட்டத் தெரிஞ்சவனுக்குப் பாக்கத் தெரியலன்னு என்ன மறுபடி மரம் வெட்ட அனுப்பிருவாரு. அந்த பயம். கழட்டக் குடுக்கல.

தோட்டத்துல எந்த ஓட்டைக்கும் ஒரே மருந்துதான், ரப்பர் பாலு. வாளி ஒழுகினா துணியப் பாலுல முக்கி ஒட்டுவோம். கூரைத் தகரம் ஒழுகினா அதேதான். குதிகால் வெடிச்சாக்கூட ஒரு சொட்டுப் பால வச்சுக் காய விடற ஆளுங்க இருந்தாங்க. மரத்துக்குக் காயம் பட்டா அந்தப் பால்தானே காயத்த மூடுது, லோரிக்கு ஏன் மூடாதுன்னு தோணுச்சு. நானாத்தான் நெனச்சேன், எவனும் சொல்லித் தரல.

ஸ்டோர்ல, மருந்து ஊத்தி ஒறைய வைக்கறதுக்கு முந்தின பாலா ஒரு டின்னு வாங்கினேன். ஸ்டோர்க்காரன் என் சோட்டு ஆளு, வாய்க்கொழுப்பு அதிகம். "எதுக்குடா?"

"லோரிக்கு."

"லோரிக்குப் பால் குடுக்கறியா? ஏண்டா, எப்படா பெத்த? சொல்லவே இல்ல?"

அங்க இருந்த பொம்பளைங்கெல்லாம் சிரிச்சாங்க. நான் கண்டுக்கல. பாதித் தண்ணிய எறக்கிட்டு உள்ள ஊத்தினேன், இஞ்சினச் சுத்தி ஓட விட்டேன். மூலையில வெள்ளையா கசிஞ்சு வந்துச்சு, காத்துபட்டுச்சு, சூட்டுல அப்படியே ஒறைஞ்சு மஞ்சளாச்சு. ஒழுக்கு நின்னு போச்சு. எட்டு நாள் ஓட்டினேன், ஒரு சொட்டு இல்ல. சீன பிட்டர் கடை வாசல்ல வேணும்னே லோரிய நிறுத்தி, குனிஞ்சு காட்டுனேன். அவரு எட்டிப் பாத்துட்டுத் தலையச் சொறிஞ்சாரு. அன்னைக்கு எனக்கிருந்த சந்தோசம்!

இப்ப மச்சானப் பத்திச் சொல்லணும். அக்கா புருசன். வாட்டசாட்டமான ஆளு, கூத்துல வேசம் கட்டினா ராசாதான். அவருக்குக் கால்ல புண்ணு வந்து ஆறவே இல்ல. அது மேல குளுர் காய்ச்சல். வயித்துல எடது பக்கம் கட்டி மாதிரி வீங்கிப் போச்சு. கோலசிலாங்கூர் ஆசுபத்திரியில கொண்டு போய்ப் போட்டாங்க. அப்ப அக்கா ஏழு மாசம். அவரு அங்க கெடக்கறப்பவே இங்க லயத்து வீட்டுல கொழந்த பொறந்துச்சு. பொம்பளப் பிள்ள.

நான் லோரியில ரப்பர் ஏத்திக்கிட்டுப் போறப்ப ஆசுபத்திரிக்குள்ள போயிச் சொன்னேன். எந்திரிச்சு உக்காரத் தெம்பில்லாத ஆளு, கேட்டதும் உக்காந்துட்டாரு. "யாரு மாதிரிடா இருக்கு?"

"நம்ம மாதிரி இல்ல மச்சான், நல்லா இருக்கு."

சிரிச்சு இருமினாரு. "பேரு நான் நெனச்சு வச்சிருக்கேன். இப்பச் சொல்ல மாட்டேன். நானே வந்து அது காதுல சொல்லுவேன். அதுவரைக்கும் உங்கக்கா ஏதாச்சும் சாமி பேரு வச்சிரப் போறா, சொல்லிரு."

எங்க ஆளுங்க வழக்கம் அது. அப்பன் கொழந்தைய மடியில போட்டு, அது காதுல மூணு தடவ பேரச் சொல்லணும். அப்பன் காதுல சொல்லாத பேர ஊரு கூப்பிடக் கூடாது. அக்காகிட்ட வந்து சொன்னேன். "சரி, அதுவரைக்கும் பாப்பா"ன்னுச்சு.

கொழந்த பொறந்து இருபது நாளுகூட ஆகல. ஒரு சாயங்காலம் தோட்டத்துக் கணக்கெழுதற கிராணி என்ன ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டாரு. யாழ்ப்பாணத்து ஆளு, கடுமையான முகம், ஆனா கெட்ட மனுசன் இல்ல.

"தம்பி, உன்ர மச்சானுக்குச் சுகப்படாதெண்டு டொக்டர் எழுதிப் போட்டார். பிறந்த ஊருக்கே திருப்பி அனுப்புகினம். கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டு போயிட்டினம். நாளைக்குப் பின்னேரம் கப்பல்."

"அக்கா, கொழந்தை..."

"பச்சைக் குழந்தையோட கப்பல்ல விடாங்கள். பிறகு போகலாம். பாக்க வேணுமெண்டா நாளைக்குப் போய்ப் பாக்கச் சொல்லு."

அக்கா அழுவல. ஒடனே துணி மடிக்க ஆரம்பிச்சிருச்சு. "ஒரு தடவ கொழந்தைய அவரு கையில குடுத்தாப் போதும்டா. காதுல பேரச் சொல்லட்டும். அப்புறம் கடவுள் விட்ட வழி." அப்பல்லாம் கோலசிலாங்கூர்லருந்து கிள்ளானுக்கு ரயிலு இருந்துச்சு. இப்ப தண்டவாளமே இல்ல. அக்கா ரயில்லதான் போகணும்னுச்சு. இருட்டோட கெளம்பி ஆறேழு கட்டை, மைலத்தான் கட்டைம்போம், நடந்தா காலை ரயிலப் புடிச்சிரலாம்.

நான்தான் விடல. "பச்ச ஒடம்புக்காரி, ஆறேழு கட்டை நடக்கப் போறியா? நாளைக்கு நான் கிள்ளானுக்கு ரப்பர் ஏத்தறேன். என் பக்கத்துல ராணி மாதிரி உக்காந்து வா. கூட வர்ற ஆளுக்குக் காய்ச்சல், அவன் எடம் சும்மாத்தான் இருக்கு. உச்சிக்கு முன்ன கொண்டு போய் எறக்கறேன்."

"உன் லோரி ஒழுகுதுன்னு சொன்னாங்களே."

"அதெல்லாம் அடைச்சாச்சு. எட்டு நாளா ஒரு சொட்டு இல்ல. எவன்கிட்ட வேணா கேளு."

அக்கா என்ன நம்புச்சு. வேற எப்படிச் சொல்றது. நம்புச்சு.

காலையில பெரட்டு, அதான் ஆள் கணக்கெடுக்கறது, முடிஞ்சதும் லோரியக் கழுவித் தொடச்சேன். அப்ப எனக்கு ஒரு நெனப்பு. தூர வழி, அக்கா வருது, கைக்கொழந்த வருது. நடுவழியில ஒழுகக் கூடாது. எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொரு டின்னு பால் வாங்கி உள்ள ஊத்தினேன். பத்தாதோன்னு மேல அரை டின்னும் ஊத்தினேன். அன்னைக்கு மட்டும் அத ஊத்தாம இருந்திருந்தா. இத நான் எத்தன தடவ நெனச்சிருப்பேன்னு கணக்கே இல்ல.

ரப்பர்த் தகடெல்லாம் ஏத்தி, மேல சாக்குப் போட்டுக் கட்டி, கெளம்பினோம். அக்கா தலையில பூ வச்சிருந்துச்சு. கொழந்தைய மஞ்சத் துணியில சுத்தியிருந்துச்சு. மடியில ஒரு மூட்டை, அதுல மச்சானுக்குப் புதுத் துண்டு, ஒரு டின்னு முறுக்கு. கப்பல்ல வாய்க்கு ஒண்ணும் புடிக்காதாம், அதுக்கு முறுக்கு. கோலசிலாங்கூர் தாண்டற வரைக்கும் பேசிக்கிட்டே வந்துச்சு. "டேய் தம்பி, அவரு என்ன பேரு நெனச்சிருப்பாரு? அவுங்க ஆத்தா பேரா இருக்குமோ? அது நல்லாவே இருக்காதுடா." சிரிச்சுக்கிட்டோம்.

ஜெராம் தாண்டிக் கொஞ்ச தூரம். மூடி ஓரத்துல ஆவி வந்துச்சு. தண்ணி கொறஞ்சிருச்சோன்னு நெனச்சேன். நிறுத்தி, சாக்கப் போட்டு மூடியத் திருகினேன். பொங்கி என் கையில ஊத்திருச்சு, தோலு அப்படியே வெந்து போச்சு. இந்தா, இந்தத் தழும்பு அதான். உள்ள எட்டிப் பாத்தா தண்ணி நெறையா நிக்குது. கொறையவே இல்ல. மேல தொட்டேன், நெருப்பு. கீழ தொட்டேன், சில்லுன்னு இருக்கு.

குனிஞ்சு அடிக் கொழாயத் தொறந்தேன். தண்ணி வரல. ஒரு வெள்ளை நுனி எட்டிப் பாத்துச்சு. புடிச்சு இழுத்தேன். வருது, வருது, எடியாப்பம் மாதிரி நீளமா வருது. ரப்பர் நூலு. அந்தக் கொழா ஒவ்வொண்ணுக்குள்ளயும் பால் ஒறைஞ்சு போயி அடைச்சிருக்கு. ஓட்டைய அடைக்க ஊத்தினது, வழியெல்லாம் அடைச்சிருச்சு. இனி எத்தன வாளி ஊத்தினாலும் அந்தத் தண்ணி சுத்தாது. எனக்கு அந்த எடத்துலயே தெரிஞ்சு போச்சு.

நூலச் சுருட்டி ரோட்டோரப் புல்லுல போட்டேன்.

"என்னடா?"

"தண்ணி... தண்ணி பத்தல போலக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? நான்தான் கெடுத்தேன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்.

"தண்ணிதானே?" கொழந்தைய சீட்டுல படுக்க வச்சுச்சு, வாளிய எடுத்துச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாய்ல எறங்கிருச்சு. தேத்தண்ணி நெறத்துல இருந்துச்சு அந்தத் தண்ணி. பிள்ள பெத்து இருபது நாள் ஆகாதவ, முழங்கால் சேத்துல நின்னு மொண்டு கொண்டாந்துச்சு. நான் ஊத்தினேன். கூட்டு மேலயும் ஊத்தினேன். கொஞ்சம் ஆறுச்சு. கெளப்பினேன். ரெண்டு மூணு கட்டைகூடப் போகல, மறுபடி கொதிச்சுச்சு. மறுபடி வாளிய எடுத்துக்கிட்டு எறங்குச்சு.

மூணாவதோ நாலாவதோ தடவ நின்னப்ப தென்ன மரத்துக்கு அந்தாண்ட ரயில் ஊதுச்சு. பெட்டி தெரியல, பொகை மட்டும் மரத்து மேல போச்சு. அக்கா வாளியோட ரோட்டு நடுவுல நின்னு அதப் பாத்துச்சு. வந்து எங்கிட்ட வாளியக் குடுத்துச்சு.

எட்டுத் தடவ நின்னோம். காப்பார் கிட்ட ஒரு மலாய்க்காரர் எளனி வெட்டிக் குடுத்தாரு. அக்கா ஒரு வாய் குடிச்சுட்டு மீதிய இஞ்சினுக்கு ஊத்தச் சொல்லுச்சு. அதையும் வாங்கி ஊத்தினேன். பாவி.

துறைமுகத்துக்குப் போய்ச் சேந்தப்ப வெயில் சாஞ்சிருச்சு. அக்கா எறங்கி ஓடுச்சு. பாவாடையெல்லாம் சேறு, தலையில பூ காஞ்சு தொங்குது. வாசல்ல காவலுக்கு நின்ன சீக்கியரு கையக் காட்டினாரு. கப்பல் நகந்து, தண்ணியில நிக்கற கண்டல் மரக் காட்டுக்கு நடுவுல போய்க்கிட்டிருந்துச்சு. ஆளுங்க தெரியறாங்க, கடுகு மாதிரி. முகம் தெரியல. அக்கா ஓரத்துக்குப் போயி, மஞ்சத் துணியோட கொழந்தைய ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுச்சு. கப்பல் திரும்பி மறையற வரைக்கும் எறக்கவே இல்ல. கொழந்த வீல் வீல்னு கத்துது. நான் பின்னால போய் கைய ஏந்திக்கிட்டு நின்னேன், விட்டுட்டா புடிக்கலாம்னு. அக்கா விடல.

மச்சான் பாத்தாரோ என்னமோ. படுத்துக்கெடந்தாரோ, எந்திரிச்சு நின்னாரோ. யாருக்குத் தெரியும்.

லோரிய அங்கயே கிள்ளான்ல விட்டோம். முறுக்கு டின்ன அக்கா அந்தச் சீக்கியர்கிட்டயே குடுத்துருச்சு. பொறவு எங்க ஊருச் சீன பிட்டர்தான் வந்து அந்தக் கூட்டப் பொளந்து பாத்தாரு. உள்ளருந்து ஒரு கூடை ரப்பர் எடுத்தாரு. இந்தத் தடவ அவரு சிரிக்கல. அக்கா சங்கதிய எவனோ சொல்லியிருப்பான் போல. புதுக் கொழா வச்சு, ஈயம் காச்சி ஒட்டிக் குடுத்தாரு. தொரை ரெண்டு சத்தம் போட்டாரு, அதோட சரி. என்ன மரம் வெட்டவும் அனுப்பல. எதுக்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்ல.

நாலஞ்சு மாசம் கழிச்சு கிராணி அக்காவக் கூப்பிட்டு ஒரு கடுதாசி படிச்சாரு. மச்சான் ஊருக்குப் போய்ச் சேந்து ரெண்டு மாசம் இருந்தாராம். அப்புறம் இல்ல. அவுங்க அண்ணன் யாரையோ வச்சு எழுதியிருந்தாரு. அக்கா கேட்டுட்டு, "அய்யா, பேரு ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?"ன்னுச்சு. கிராணிக்குப் புரியல. நான் சொன்னேன். அவரு கடுதாசியத் திருப்பி, பின்னாலயும் பாத்தாரு. மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி மொதல்லருந்து பாத்தாரு. "இல்லையம்மா"ன்னாரு.

அக்கா வேற பேரு வைக்கல. எத்தனையோ பேரு சொன்னாங்க, சாமி வந்தவங்க கூடச் சொன்னாங்க. கேக்கல. பாப்பாவுக்குக் கல்யாணமாகி, அதுக்குப் பேரன் பேத்தி ஆகி, இன்னைக்கும் அது பாப்பாதான்.

அக்கா சாகற வரைக்கும் நான் அந்தப் பால் சங்கதியச் சொல்லவே இல்ல. லோரி விசயம் வந்தா, தண்ணி பத்தலன்னே சொல்லுவேன். அக்காவும் "ஆமா, அன்னைக்குப் பாழாப்போன தண்ணி"ன்னு சொல்லும்.

அந்தக் காடியப் பாத்துட்டு வந்தேன்னு சொன்னேன்ல, அடுத்த வாரமே, ராசான்னு ஒரு ஊரு, அங்க இருக்கற பாப்பா வீட்டுக்குப் போனேன். எனக்கு இனி எத்தன நாளு. உக்கார வச்சு, எல்லாத்தையும் சொன்னேன். டின்னு, எட்டு நாள், அன்னைக்குக் காலையில ஊத்தின ஒண்ணரை டின்னு, எடியாப்பம் மாதிரி வந்த நூலு. "ஒங்கப்பன் ஒனக்குப் பேரு வைக்காமப் போனதுக்கு நான்தாம்மா காரணம்"னேன்.

பாப்பா காய் நறுக்கிக்கிட்டிருந்துச்சு. கத்திய வச்சுட்டு, "மாமா, அம்மாவுக்குத் தெரியும்"னுச்சு.

"என்ன தெரியும்?"

"நீங்க புல்லுல போட்டீங்களே, அத அம்மா பாத்துச்சாம். பால்மரம் வெட்டறவளுக்கு ரப்பரத் தெரியாதாடின்னு சொல்லும். வாசமே வந்துச்சாம்."

"அப்புறம் எதுக்கும்மா தண்ணி கொண்டாந்துச்சு? எட்டுத் தடவ!"

"நானும் கேட்டேன் மாமா. 'தண்ணி பத்தலன்னு தம்பி சொல்லிட்டான். நான் எறங்காம உக்காந்திருந்தா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் அவன் எப்படிடி வண்டி ஓட்டுவான்?'னு சொல்லுச்சு."

பாப்பா மறுபடி காய் நறுக்க ஆரம்பிச்சிருச்சு. நான் என் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வெந்த தழும்பு தெரியுது. அந்தக் கையாலதான் ஒவ்வொரு வாளியையும் வாங்கினேன்.